ரோஜாவுக்கு அடியில் ஒரு கை

தேர்வாய் கண்டிகையில் குணா வேலை செய்யும் தொழிற்சாலையின் வாசலில் ஒரு பலகை உண்டு. விபத்து இல்லாமல் கடந்த நாட்கள் எத்தனை என்று தினமும் அதில் எண்ணை மாற்றுவது அவன் பொறுப்பு. அவன் அங்கே பாதுகாப்பு அதிகாரி. 'சேஃப்டி ஆபீசர்' என்று சொன்னால்தான் திரும்பிப் பார்ப்பான். அந்த எண் பல வருடங்களாகக் கீழே இறங்கியதில்லை. யாருக்காவது விரல் நசுங்கினால் முதலுதவி என்று எழுதிக்கொள்வார்கள். கால் முறிந்தால் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக எழுதிக்கொள்வார்கள். எண் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும்.

கல்யாண வாழ்க்கையையும் குணா இதே முறையில்தான் நடத்தினான். அருணா ராத்திரி சாப்பிடாமல் படுத்தால் அவளுக்கு வயிறு சரியில்லை. திருவள்ளூரில் அம்மா வீட்டுக்குப் போனவள் மூன்று வாரமாக வரவில்லை என்றால் அங்கே வெள்ளையடிக்கிறார்கள். யார் கேட்டாலும் "எல்லாம் நார்மல்" என்பான். வக்கீல் நோட்டீஸ் வந்த அன்றுதான் அந்தப் பலகையில் எண் சைபருக்கு வந்தது.

அதற்கப்புறம் எல்லாம் சம்மதத்தோடுதான் முடிந்தது. குழந்தை மோனிகா அம்மாவிடம் இருப்பாள். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் காலையிலிருந்து சாயந்திரம் வரை அப்பாவிடம். ராத்திரி தங்குவதைப் பற்றிக் கோர்ட்டு உத்தரவில் ஒரு வார்த்தையும் இல்லை. அருணா வேப்பம்பட்டில் ஒரு மாடி வீட்டைப் பிடித்து, ரயிலில் அம்பத்தூர் போய் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்தாள். குணா பொன்னேரிக்குப் பக்கத்துக் கிராமத்தில், நைனா என்று அவன் கூப்பிடும் அப்பா ராஜமாணிக்கத்தின் பெரிய வீட்டில் இருந்தான். நைனாவுக்கு நஞ்சை நிலம் உண்டு, வெள்ளைக் கார் உண்டு, போன தடவை தோற்ற ஊராட்சித் துணைத்தலைவர் பதவியும் உண்டு. 'முன்னாள்' என்ற சொல்லை அவர் ஊர் மக்களின் ஞாபகசக்திக்கு விட்டுவிட்டார்.

முதல் சனிக்கிழமையே குணா மகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தான். தொழிற்சாலைக்கு வரும் எந்த விருந்தாளிக்கும் முதலில் அதுதான். மோட்டார் ரூம் பக்கம் போகக் கூடாது, ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொடக் கூடாது என்று வீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனான்.

"இதான் அசெம்ப்ளி பாயின்ட்டு. ஊட்ல ஏதாவது ஆச்சின்னா நீ நேரா இங்க வந்து நின்னுக்கணும். நான் வந்து ஹெட் கவுன்ட் எடுப்பேன்."

அப்போது நாலு வயதான குழந்தை "ஓகேப்பா" என்றது.

அதற்கு மேல் என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. அந்தக் குறையைப் போன் தீர்த்துவைத்தது. கோயில், கடற்கரை, கறிக்கடை, எங்கே போனாலும் குணா கையை நீட்டிப் போனைத் தூக்குவான். மோனிகா ஓரமாக வந்து தலையைச் சாய்ப்பாள். எடுத்த படத்தை 'என் உலகம்' என்று ஸ்டேட்டஸில் போடுவான். குணாவின் முகம் அதில் தெளிவாக இருக்கும். உலகத்தின் ஒரு காதும் அரைக் கன்னமும் தெரியும். வருடங்கள் இப்படியே போயின. மோனிகா மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

இந்த வருடம் அவள் பிறந்தநாள் தை மாதத்தில் சரியாக இரண்டாவது சனிக்கிழமையில் வந்து விழுந்தது. குணா இதைத் தன் திறமை என்றே எடுத்துக்கொண்டான். வேப்பம்பட்டு மாடி வாசலில் நின்று அருணாவிடம் ஒரே ஒரு ராத்திரி கேட்டான். பிறந்தநாள் ராத்திரி மட்டும், காலையில் கொண்டுவந்து விட்டுவிடுவதாக. விவாகரத்துக்கு அப்புறம் அருணா அவனை வா என்றும் சொல்வதில்லை, வாங்க என்றும் சொல்வதில்லை. இரண்டும் தேவைப்படாத வாக்கியங்களாகப் பார்த்துப் பேசுவாள்.

"மோனி தங்கறேன்னு சொன்னா தங்கட்டும். ஆனா அவளா சொல்லணும். சொல்லிக் குடுத்துச் சொல்லக் கூடாது."

குணா அன்று வீடு போய்ச் சேர்வதற்குள் அந்த ராத்திரியை முழுசாக யோசித்து முடித்துவிட்டான். தெற்கு அறைக்கு வெள்ளையடித்தான். புது மெத்தை, கொசுவலை, நிலா மாதிரி ஒரு விளக்கு எல்லாம் வாங்கினான். இருட்டில் பச்சையாக ஒளிரும் 'அவசர வழி' ஸ்டிக்கரைத் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்து கதவில் ஒட்டினான். குழந்தை ராத்திரி விழித்துக்கொண்டால் பயப்படக் கூடாதல்லவா. மெத்தையில் தானே ஒரு தடவை படுத்துப் பார்த்தான். பக்கத்தில் இன்னொரு பாய் போட இடம் இருந்தது. அங்கே தான் படுத்துக்கொள்ளலாம், அவள் ஏதாவது கேட்டுக்கொண்டே தூங்கிப்போவாள் என்று நினைத்தான். அந்த ஒரு நினைப்பில் மட்டும் அவன் சேஃப்டி ஆபீசராக இல்லை.

நைனாவின் யோசனை வேறு மாதிரி போயிற்று. பேத்தியின் பிறந்தநாளுக்கு ஊர் முனையில் பெரிய பேனர் வைக்க வேண்டும் என்றார். "பொண்டாட்டி உட்டுட்டுப் பூட்டா, புள்ளயும் பூட்ச்சின்னு ஒருத்தன் ஒருத்தன் பேசிகினு கிறான். எல்லாரும் கண்ணால பாக்கட்டும்" என்பது அவர் வாதம்.

பொன்னேரியில் பிளெக்ஸ் கடை வைத்திருந்த அந்தோணியிடம் போனார்கள். அந்தோணி தன்னை டிசைனர் என்பார். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி மூன்றுக்கும் ஒரே ரோஜாப்பூவை வைத்துச் சமாளிக்கிறவர். பேனர் விஷயம் ஊரில் பரவிய சற்று நேரத்துக்குள் மாமன், மச்சான், பங்காளி என்று எல்லோர் படமும் குணாவின் போனுக்கு வந்து குவிந்தது. இடப்பக்கம் கை கூப்பிய நைனா. வலப்பக்கம் ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, கட்டிய கைகளோடு குணா. நைனாவின் பெயருக்குக் கீழே 'முன்னாள்' மட்டும் எறும்பு அளவில் இருக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. அந்தோணி அதை எறும்பு முட்டை அளவுக்குக் கொண்டுவந்தார். எல்லாம் முடிந்தபின் பாப்பா படம் கேட்டார்.

"தனியா இருக்கணும் சார். மூஞ்சி நேரா இருக்கணும்."

குணா போனைத் தள்ளிக்கொண்டே போனான். மாதம் மாதமாகப் பின்னால் போயிற்று. அந்தோணியும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இதுல காது நல்லா வந்துக்குது சார். காதை வெச்சிகினு நான் இன்னா பண்றது?"

அருணாவிடம் ஒரு படம் கேட்கலாம் என்று குணாவுக்குத் தோன்றியது. அவளோடு இருந்த வாட்ஸ்அப்பைத் திறந்தான். கிளம்பிட்டேன், கேட்டாண்ட நிக்கிறேன், டிராபிக், இறக்கி விட்டாச்சு என்று அதில் இருந்ததெல்லாம் டாக்சி டிரைவரோடு பேசிய மாதிரி இருந்தது. 'மோனி போட்டோ ஒண்ணு' என்று எழுதினான். நைனா தோளுக்கு மேலாகப் படித்துவிட்டார்.

"இன்னாடா இது. பெத்த அப்பன் புள்ள போட்டோவ அவகிட்ட கேட்டு வாங்கறதா? அசிங்கமா இல்ல?"

குணா எழுதியதை அழித்தான். பழைய ஆல்பத்தில் மூன்றாவது பிறந்தநாளுக்கு ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒன்று இருந்தது. ஜிகினா கவுனில் மோனிகா, அருணாவின் மடியில் உட்கார்ந்து, நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தோணி அதில் அருணாவின் முகத்தை வெட்டினார், தோளை வெட்டினார், மடியை வெட்டி மேகம் போட்டார். குழந்தையின் இடுப்பைச் சுற்றி அணைத்திருந்த கையிடம் வந்து நின்றுவிட்டார்.

"கையை எடுத்தா பாப்பாவுக்கு வவுறு பூடும் சார். ரோஸ் வெச்சி மூடிடலாம். யாரு உத்துப் பாக்கப் போறாங்க."

ரோஜா விரல்களை மூடியது. மணிக்கட்டு இதழுக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. 'எங்கள் குலத்தின் ஒளிவிளக்கே' என்ற எழுத்துக்குக் கீழே, ஒருவரும் கையென்று நினைக்க முடியாதபடி எல்லாம் சரியாகவே இருந்தது.

சனிக்கிழமை வெள்ளைக் கார் ஊர் முனைக்கு வந்ததும் சரவெடி வெடித்தார்கள். மோனிகா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இறங்கினாள். நைனா அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். அவர் போர்த்தியபின் மற்றவர்கள் சும்மா இருந்தால் மரியாதையில்லை என்பதால் பங்காளிகளும் ஆளுக்கொன்று போர்த்தினார்கள். கொஞ்ச நேரத்தில் பொன்னாடைக் குவியலுக்கு மேல் ஒரு சின்னத் தலைதான் தெரிந்தது. அது ஒவ்வொருவருக்கும் "தேங்க் யூ அங்கிள்" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

பிறகு அவள் பேனரை நிமிர்ந்து பார்த்தாள். தாத்தாவைப் பார்த்தாள், ஹெல்மெட் போட்ட அப்பாவைப் பார்த்தாள், கீழே வரிசையாக இருந்த அங்கிள்களைப் பார்த்தாள்.

"அந்தப் பாப்பா யாருப்பா?"

குணா சிரித்தான். "நீதான்டா. இன்னா, அடையாளம் தெர்லயா?"

அவள் கிட்டே போய் நின்று பார்த்தாள். கூட்டமும் அவளோடு சேர்ந்து பார்த்தது. குழந்தை தன் படத்தைக் கண்டு துள்ளிக் குதிக்கப்போகிறது என்று ஒருவர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"அது அம்மா வளையல்" என்றாள் மோனிகா.

"ரோஸும்மா அது" என்றார் நைனா.

"ரோஸுக்குப் பின்னாடி, தாத்தா. சிவப்புக் கல்லு வெச்சது. அம்மா இப்பவும் அதைத்தான் போட்டுக்குவாங்க."

வீடியோ எடுத்தவர் போனைத் தாழ்த்தினார். சாப்பாட்டுக்கு வந்திருந்த அந்தோணி ஆகாயத்தில் ஏதோ தேடினார். ஊரே உற்றுப் பார்க்க ஆரம்பித்தது. ஒரு தடவை தெரிந்துவிட்டால் பிறகு அந்தப் பேனரில் கையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. நைனாவின் கூப்பிய கைகளைவிட அது பெரிதாக இருந்தது.

வீட்டில் மூன்றடுக்குக் கேக் தயாராக இருந்தது. ஆனால் ஒன்றியக் கவுன்சிலர் வந்துதான் வெட்ட வேண்டும் என்று நைனா சொல்லிவிட்டார். கவுன்சிலர் வந்துகொண்டே இருந்தார். செங்குன்றத்தில் இருக்கிறார் என்றார்கள், அப்புறம் மறுபடியும் செங்குன்றத்தில்தான் இருக்கிறார் என்றார்கள். மோனிகாவை ஜரிகைத் துணி போர்த்திய நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கேக்கின் ஓரத்தில் இருந்த ஒரு செர்ரிப் பழத்தைத் தொட விரலை நீட்டினாள். தலைவர் வரட்டும்மா என்று யாரோ சொல்ல, விரலை எடுத்துக்கொண்டாள். பெரியவர்கள் வளையல் விஷயத்தைக் குழந்தைக்குக் கேட்காத குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரல் எந்தக் குழந்தைக்கும் நன்றாகக் கேட்கும். எல்லாத்தையும் சொல்லிக் குடுத்து வளத்துகினு கிறா பாரு அவ என்றார் ஒருவர். இதுக்கெல்லாம் கோர்ட்டைச் சொல்லணும் என்றார் இன்னொருவர்.

குணா வாசலில் நின்று, வராத கவுன்சிலருக்காக வண்டிகளை ஒதுக்கி நிறுத்திக்கொண்டிருந்தான். அவன் திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

தெற்கு அறையில் பார்த்தான். மெத்தை கலையாமல் இருந்தது. மாடியில் இல்லை, கிணற்றடியில் இல்லை. கிணற்றை இரண்டு தடவை எட்டிப் பார்த்தான். ஒரு சேஃப்டி ஆபீசருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டிய எதுவும் ஞாபகம் வரவில்லை. மாட்டுக் கொட்டகையைத் தாண்டிப் போனபின்தான் அவளைப் பார்த்தான்.

வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். ஷூ போட்டு லேஸ் கட்டியிருந்தது. பை தோளில் இருந்தது. பொன்னாடைகளை ஒவ்வொன்றாக மடித்து, பக்கத்துக் கல்லின் மேல் அடுக்கி வைத்திருந்தாள்.

"இங்க இன்னாடா பண்ற?"

"நீங்கதானேப்பா சொன்னீங்க. ஏதாவது ஆச்சுன்னா இங்க வந்து நிக்கணும்னு."

"இன்னா ஆச்சு?"

அவள் நேர்மையாக யோசித்தாள். சொல்வதற்கு ஒன்று கிடைத்தது போலவும், அதைச் சொன்னால் அப்பாவுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று எடுத்து வைத்துவிட்டது போலவும் அவள் முகம் மாறியது.

"ஒண்ணும் ஆகலப்பா."

தலையை எண்ண வேண்டிய இடம் அது. எண்ணுவதற்கு ஒரு தலைதான் இருந்தது. சொல்லிக் கொடுத்துச் சொல்லக் கூடாது என்று அருணா சொன்னது குணாவுக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் குனிந்து, தெற்கு அறையைப் பற்றிச் சொன்னான். நிலா மாதிரி விளக்கு, கொசுவலை, பக்கத்தில் தான் பாய் போட்டுப் படுத்துக்கொள்வது. பச்சை ஸ்டிக்கர் இருட்டில் எப்படி மின்னும் என்று கையால் காட்டினான். ஒரு மேனேஜரிடம் பேசுவது போலத் தன் குரல் இருப்பது அவனுக்கே கேட்டது.

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"இன்னொரு நாள் வரேன்ப்பா. எல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சு. தேங்க் யூ."

பொன்னாடை போர்த்திய அங்கிள்களிடம் சொன்ன அதே தேங்க் யூ.

குணா காரை எடுக்கவில்லை. பின்வாசல் வழியாகத் தன் பைக்கில் அவளை ஏற்றிக்கொண்டு போனான். சின்ன ஹெல்மெட்டை அவளே மாட்டிக் கொக்கி போட்டுக்கொண்டாள். திருநின்றவூர் தாண்டும்போது அவன் போன் அதிர்ந்தது. ஓரம் கட்டிப் பார்த்தான். கவுன்சிலர் வந்துவிட்டார். அவரும் நைனாவும் சேர்ந்து கத்தியைப் பிடித்துக் கேக் வெட்டும் படம் குடும்பக் குரூப்பில் வந்திருந்தது. அடியில் 'மோனிகா பிறந்தநாள் விழா சிறப்பாக நடைபெற்றது' என்று போட்டிருந்தார்கள். படத்தில் மோனிகா இல்லாததை ஒருவரும் குறையாகச் சொல்லவில்லை.

அருணா கதவைத் திறந்தாள். சாயந்திரம் ஆவதற்கு இன்னும் நேரம் இருந்ததைப் பார்த்தாள், மகளின் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். மோனிகா உள்ளே போகும்போதே, "அம்மா, உன் வளையல் பேனர்ல வந்திருக்கு" என்றாள்.

குணா விளக்க வேண்டியதாயிற்று. அந்தோணியைப் பற்றிச் சொன்னான், ரோஜாவைப் பற்றிச் சொன்னான், நேராக இருக்கும் படம் ஒன்றுமில்லாமல் போனதைச் சுற்றிவளைத்துச் சொன்னான். அவள் சண்டைக்கு வருவாள் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தான்.

"ஒரு போட்டோ கேட்டிருந்தா அனுப்பியிருப்பேனே" என்றாள் அருணா.

அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே அனுப்பியிருப்பாள். தயாராக வைத்திருந்த பதில்களோடு குணா மாடிப்படி இறங்கினான்.

தொழிற்சாலையில் ஒரு விபத்து நடந்தால் ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு மூலகாரணம் கண்டுபிடிக்க வேண்டும். விவாகரத்தின்போது குணா அப்படிக் கேட்டுப் பார்த்திருக்கிறான். ஐந்து தடவையும் அருணா என்றே வந்தது. இப்போது பைக்கில் திரும்பும்போது மறுபடி கேட்டான். ஏன் தங்கவில்லை. அந்த வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏன். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. ஏன். பேனரில் அவள் முகம்கூட அவளுடையதாக இல்லை. ஏன். நாலாவதற்குப் பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. தாமரைப்பாக்கம் கூட்ரோட்டில் ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்திக்கொண்டான். தொழிற்சாலை முறைப்படி மூலகாரணத்தில் ஆள் பெயர் எழுதக் கூடாது. 'பயிற்சி போதவில்லை' என்றுதான் எழுத வேண்டும். எத்தனையோ தடவை எழுதியிருக்கிறான். அன்றைக்கு அது எழுதக் கை வராத வாக்கியமாக இருந்தது.

அடுத்த வாரம் அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்து வாசலில் நைனாவின் நெல் குவியலாகக் காத்திருந்தபோது காலம் தப்பிய மழை வந்தது. தார்ப்பாய் போதவில்லை. பேனரைக் கழற்றி வந்து மூடினார்கள். தன் முகம் மடிந்து உள்ளே போகக் கூடாது, வெளியே தெரிகிற மாதிரி போடுங்கள் என்று நைனா குடை பிடித்துக்கொண்டு நின்று சொன்னார். அதனால் அவர் மேலே கை கூப்பிக்கொண்டிருந்தார், குழந்தையின் பக்கம் மடிந்து நெல்லுக்குள் போயிற்று. மழை விட்டதும் குணா போய் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தான். ஜிகினா கவுன் மேல் நெல் ஒட்டியிருந்தது. அந்தக் கை இடுப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. மழையில் நனையாமல் இருந்ததும் அந்தப் பக்கம்தான். முனையை இறக்கி மேலே கல்லை வைத்தான்.

நான்காவது சனிக்கிழமை வேப்பம்பட்டு வாசலில் மோனிகா ஷூ போட்டுத் தயாராக நின்றாள். பின்னால் அருணா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் சிவப்புக் கல் வளையல் இருந்தது. குணா அவளைப் பாராமல், "ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றான். "மோனியை மட்டும். தனியா."

அருணா கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

குணா இரண்டு படி கீழே இறங்கிப் போனை மகளின் பக்கம் திருப்பினான். அப்படிப் பிடித்துப் பழக்கமில்லாததால் விரல் லென்சை மறைத்தது. நகர்த்திக்கொண்டான். மோனிகா போனைப் பார்த்ததும் பழக்கப்படி ஓரத்துக்கு வந்து தலையைச் சாய்த்தாள்.

"நடுவுல நில்லுடா. நேரா."

நடுவில் வந்தாள். அவன் பட்டனைத் தேடுவதற்குள், தனக்கே தெரியாமல், மறுபடி ஓரத்துக்குப் போயிருந்தாள். இன்னொரு தடவை சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. எடுத்தான்.

முகம் நேராக, முழுசாக விழுந்திருந்தது. முன்பல் ஒன்று இல்லை. அதற்குப் பக்கத்துப் பல் பாதி முளைத்திருந்தது. அவள் படத்தின் ஒரு மூலையில் இருந்தாள். மீதி இடமெல்லாம் அருணா வீட்டுச் சுவர்.